ஒன்றரை மணிக்குச் சுணங்கும் பெட்டி

சிவகாசி
14.06.2025, சனிக்கிழமை

அனுப்பிரியா அவர்களுக்கு,

இந்தப் பார்சலில் பதினொரு காலண்டர் புரூஃப் தாள்கள் இருக்கின்றன. ஒன்பதாவது தாளில் மயிலின் கழுத்து நீலம் கொஞ்சம் பச்சைப் பக்கம் போய்விட்டதாக எனக்குத் தோன்றுகிறது. அண்ணாச்சியிடம் சொன்னேன். "எம் மக கண்ணு பாத்துச் சொல்லட்டும்" என்றார். உங்கள் அப்பா அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல முடியும்? வழக்கம்போல் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

நான் எழுத வந்தது மயிலைப் பற்றி இல்லை. மாடி அறையில் இருக்கும் சர்வர் பெட்டி ஒரு மாதமாகச் சுணங்குகிறது. பெரிய முருகன் படம் முன்பெல்லாம் அரை நிமிடத்தில் திறக்கும். இப்போது பதினேழு நிமிடம். சேமிக்கக் கொடுத்தால் அதற்குள் நான் கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். நேற்று அண்ணாச்சி என் பின்னால் வந்து நின்றார். "ஏம்மா, பெட்டி சொணங்குதா, நீ சொணங்குதியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் கேட்டார்.

பெட்டியை உருவாக்கியது நீங்கள். நான் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவள் மட்டும்தான் என்று சித்திரையில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். அதனால் உங்களிடமே கேட்கிறேன். போனில் பேசினால் எனக்கு வார்த்தை வராது என்பது கல்லூரியிலேயே உங்களுக்குத் தெரியும். பதிலைப் புரூஃபோடு வைத்து அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
சினேகா


கோயம்புத்தூர்
17.06.2025

சினேகாவுக்கு,

"நீங்கள்", "அவர்கள்" எல்லாம் எதற்கு? மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் பேனாவைக் கடித்தவள் நீ.

மயில் சரியாகத்தான் இருக்கிறது. நீலத்தைத் தொடாதே.

பெட்டிக்கு வருவோம். எடுத்ததும் பெட்டியைக் குறை சொல்லாதே. கோளாறு வழியிலா, வீட்டுக்குள்ளேயா என்று முதலில் பார். முருகன் படத்தைப் பெட்டிக்கு உள்ளேயே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகல் எடு. அது வேகமாக நடந்தால் கேபிளில் கோளாறு. அதுவும் சுணங்கினால் டிஸ்க்கில். பெட்டியின் பின்புறம் கேபிள் நுழையும் இடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா, ஆரஞ்சா? ஆரஞ்சு என்றால் பத்தில் ஒரு பங்கு வேகம்தான் வரும். உன் நாற்காலிச் சக்கரம் கேபிள்மேல் ஏறியிருக்கும். என் நாற்காலி, சொல்லப்போனால்.

பிரதான பாஸ்வேர்டை நீ மாற்றாமல் இருந்திருந்தால் இதையெல்லாம் நானே இங்கிருந்து பார்த்திருப்பேன். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு பூட்டு திறக்கவில்லை என்று என்னிடம் கேட்கிறாய்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை கீழே எங்கள் வீட்டு மேசையில் ரசத்தை மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டாயாமே. அம்மா மனசு என்ன பாடுபடும்? அவள் கூட்டு வைத்திருந்தாள்.

அனு


சிவகாசி
21.06.2025, சனிக்கிழமை

அனுப்பிரியாவுக்கு,

கேபிள் இல்லை. விளக்கு பச்சைதான். ஆனாலும் சந்தேகம் போகாமல் புதுக் கேபிள் மாற்றிப் பார்த்தேன். அதே கதை. பெட்டிக்கு உள்ளேயே நகல் எடுத்தாலும் சுணங்குகிறது. ஆக, டிஸ்க். நான்கு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகச் சோதனை போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பாதி நாள் ஆனது. நான்கிலும் பழுதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எங்கள் ஆமத்தூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, யாரும் ஒரு ஃபைலைக்கூடத் திறப்பதற்கு முன்பே வந்தேன். பெட்டியின்மேல் கை வைத்தேன். உள்ளே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாருமே வேலை கொடுக்காதபோது அது யாருக்காக ஓடுகிறது?

பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் தினமும் வேகத்தை எழுதி வருகிறேன். எப்போதும் மந்தம்தான். ஆனால் மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி வரை சுத்தமாகப் படுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் நான் கீழே சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஆகவே என்னால் இல்லை. இதை அண்ணாச்சியிடம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உன் அத்தை மகன் தருண்குமார் விருதுநகர் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்து, பெட்டியைப் பார்க்காமலேயே, "இதத் தூக்கிப் போட்டுட்டு ஆடித் தள்ளுபடியில புதுசு வாங்கிருவோம் மாமா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

ரசம் பற்றி அம்மா உன்னிடம் சொன்னார்களா? எனக்கு அன்று வயிறு சரியில்லை. சித்திரைக்கு முன்னால் என் டப்பாவை மாடிப்படியில் உட்கார்ந்து திறப்பேன், சாப்பிட்டேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இப்போது மேசைக்குக் கூப்பிடுகிறார்கள். எங்கம்மாவுக்கு அது பிடிபடவில்லை. "அங்கன அவுக மேசையிலயா உக்காந்து சாப்புடுத? எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கும் எதுக்கு என்று தெரியாது. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாற்காலி உன்னுடையதுதான். கோயம்புத்தூர் மேல்படிப்பில் எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது. உன் பெயருக்கு இரண்டு வரி மேலே என் பெயர் இருந்த அந்தப் பட்டியலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சினேகா


கோயம்புத்தூர்
24.06.2025

சினேகா,

தொண்ணூற்றொன்று நிறைந்தால் எந்தப் பெட்டியும் மூச்சு வாங்கும். 2021, 2022 டிசைன்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அழித்துவிடு. மெமரி கூட்டினால் இன்னும் நல்லது. தருண் மாட்டிய கேமராக்களின் பதிவு இருக்கும் பகுதியில் கை வைக்காதே. அது அப்பாவுக்கு வேண்டும். உள்ளே யார் யார் என்று தேடிப் போய் நேரத்தை வீணாக்காதே.

பட்டியலை நானும் மறக்கவில்லை. உன் பெயர் மேலே இருந்தது, ஆனால் வந்தது நான். நான் சந்தோஷமாக வந்தேன் என்று நினைக்கிறாயா? அம்மா என்னோடு நான்கு நிமிடம் பேசினால் மூன்று நிமிடம் நீ. "சினேகா மல்லி கட்டிக் குடுத்தா", "சினேகா கண்ணாடியைத் தேடித் தந்தா." ஒருநாள் என்னையே தவறிப்போய் சினேகா என்று கூப்பிட்டாள். திருத்திக்கொள்ளக்கூட இல்லை.

எங்கள் வீட்டில் வேலை பார்க்கிற எல்லோரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நீ கூப்பிடுவது அப்படி இல்லை. எனக்குத் தெரியும்.

அனு


சிவகாசி
05.07.2025, சனிக்கிழமை

அனுவுக்கு,

போன சனிக்கிழமை பார்சலில் நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் கேவலமாக எழுதியிருப்பேன்.

பழைய டிசைன்களை மாற்றினேன். மெமரியும் கூட்டினேன். முருகன் பதினேழிலிருந்து பதினாறு நிமிடத்துக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். உட்காரச் சொன்னபோதே புரிந்தது. "ஆடி பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பத்துக்குப் பூசை போடணும். அன்னைக்குக் கையில ஆல்பம் இல்லைன்னா ஏஜெண்டு அடுத்த கம்பெனிக்குப் போயிருவான். அதுக்குள்ள பெட்டி சரியாகலைன்னா டிசைன் வேலைய மொத்தமா தருண்கிட்ட விட்டுருதேன். நீ வேற எடம் பாத்துக்கம்மா. தப்பா எடுத்துக்கிறாத."

வீட்டில் சொன்னேன். எங்கம்மா அப்போதுதான் பட்டாசு கம்பெனி வேனிலிருந்து இறங்கி, கையில் ஒட்டிய வெள்ளிப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "வேன்ல எம் பக்கத்துல ஒரு சீட்டு காலியாத்தான் கெடக்கு. ஆனா நீ அதுல ஏறுனா நான் எறங்கிருவேன்" என்றாள்.

மறுநாள் நீ தேட வேண்டாம் என்று சொன்ன இடத்தில் தேடினேன். எந்த வேலை எந்த டிஸ்க்கைத் தொடுகிறது என்று ஒரு பட்டியல் ஓடுமே, அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதுகிறது யார் என்று உடனே தெரிந்தது. சித்திரைக் கடைசியில் தருண் மாட்டிய நான்கு கேமராவும் இரவு பகலாக, முழுத் தரத்தில், டிசைன் இருக்கிற அதே டிஸ்க்குகளில் எழுதிக்கொண்டிருக்கின்றன. ஒரே ஆளை ஒரே நேரத்தில் நான்கு வாசலுக்குக் கோலம் போடச் சொன்னால் அவள் ஓடிக்கொண்டேதான் இருப்பாள். நாம் கேட்கிற ஐந்தாவது கோலத்துக்கு எப்போது வருவாள்?

அது எப்போதும் உள்ள மந்தம். ஒன்றரை மணிக்கு என்ன என்று காத்திருந்தேன். சாப்பிடப் போகவில்லை. ஒன்று இருபத்தெட்டுக்கு ஒரு கணக்கு உள்ளே வந்தது. anu. பிரதான பாஸ்வேர்டை மாற்றிய நான் இந்தக் கணக்கை மூட மறந்திருக்கிறேன். நேராக நாலாவது கேமரா. நான் கீழே இல்லாததாலோ என்னவோ, பழைய நாட்களைத் திருப்பித் திருப்பி ஓட்டியது. வேகமாக முன்னால், பின்னால், மறுபடி முன்னால். டிஸ்க் அலறியது.

முதல் கேமரா வாசலுக்கு. இரண்டாவது குடோனுக்கு. மூன்றாவது அச்சு மிஷினுக்கு. நாலாவது பின்வாசலுக்கு என்று சொல்லித்தான் மாட்டினார்கள். போய் நின்று பார்த்தேன். அது சாப்பாட்டு மேசையைப் பார்க்கிறது.

ரசத்தை உனக்குச் சொன்னது அம்மா இல்லை.

பல்லில் சிக்கிய கீரையை நான் நகத்தால் எடுத்ததைக்கூட நீ பார்த்திருப்பாய் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. எங்கள் வீட்டில் ஒரே அறை. யாரும் பார்க்காமல் நான் சாப்பிட்ட இடம் அந்தப் படிக்கட்டு மட்டும்தான். அதை விட்டுவிட்டு மேசைக்கு வந்தேன்.

அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என் வேலை நிலைக்கும். பாஸ்வேர்டை மாற்றியதும் பெட்டிக்காக இல்லை, உனக்கு எல்லாம் இருக்கிறதே, இது ஒன்றாவது எனக்கு இருக்கட்டும் என்றுதான். அதனால் முதலில் உன்னிடம் சொல்கிறேன். அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் எழுது.

சினேகா


கோயம்புத்தூர்
08.07.2025

சினேகா,

ஆமாம்.

நாலாவதை மாட்டச் சொன்னது நான். தருணிடம் மேசையைப் பார்த்து மாட்டிவிட்டு, மற்றவர்களிடம் பின்வாசலுக்கு என்று சொல்லச் சொன்னேன். அவன் என்னிடம் எதையும் கேட்க மாட்டான்.

இங்கே மெஸ்ஸில் ஒன்றரைக்குச் சாப்பாடு. தண்ணீர் ஜக்கில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். முதலில் அம்மாவைப் பார்க்கத்தான் திறந்தேன். பிறகு உன்னை. பிறகு பழைய நாட்களைத் திருப்பிப் போட்டு, அவள் உனக்கு எத்தனை தரம் சோறு வைத்தாள், எத்தனை தரம் உன் தோளைத் தொட்டாள் என்று பார்த்தேன். எண்ணினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் எண்ணினேன்.

இருபத்திரண்டு வருடம் நான் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அம்மா நின்றுகொண்டேதான் பரிமாறுவாள். "நீயும் உக்காரும்மா" என்றால் "அடுப்புல வேலை கெடக்கு" என்பாள். உனக்கு மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு, உன் பக்கத்தில், கேமராவுக்கு நேராக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நான் என்ன செய்யட்டும்?

நாலாவதைக் கழற்றிவிடு. மற்ற மூன்றும் எழுதுவதற்குத் தனியாக ஒரு டிஸ்க் வை. டிசைன் பக்கம் அவை வரவே கூடாது. என் கணக்கையும் மூடிவிடு. அப்பாவிடம் என்ன சொல்வதாக இருந்தாலும் சொல். நான் மறுக்க மாட்டேன்.

அனு


சிவகாசி
12.07.2025, சனிக்கிழமை

அனுவுக்கு,

பழைய கம்ப்யூட்டரில் சும்மா கிடந்த டிஸ்க்கைத் துடைத்து, கேமராவுக்கென்று தனியாக வைத்தேன். நாலாவதைக் கழற்றிவிட்டேன். உன் கணக்கையும் மூடினேன். முருகன் இருபத்தெட்டு வினாடியில் திறந்தார். மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தேன்.

அண்ணாச்சியிடம், "கேமராவும் டிசைனும் ஒரே டிஸ்க்குல இருந்துச்சு அண்ணாச்சி, பிரிச்சு வச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எதிரில் இருந்த பேப்பர்க்காரரிடம் திரும்பி, "பாத்தீகளா, எம் மக கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு கடுதாசியிலயே பெட்டியச் சரி பண்ணிட்டா" என்றார்.

நான் தலையாட்டினேன். மாடிக்கு ஏறி வந்து, இருபத்தெட்டு வினாடியில் திறந்த முருகனின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சினேகா


கோயம்புத்தூர்
22.07.2025

சினேகா,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முழுவதும். நாலாவது கேமரா எதற்கு, கண்டுபிடித்தது யார், உங்கம்மா சொன்ன வேன் சீட்டு, நான் உன்னைத் தவறான வழியில் அனுப்பியது வரைக்கும். கேட்டுவிட்டு, "எல்லாந் தெரிஞ்சிருந்தும் அந்தப் பிள்ள வாயத் தொறக்கலையா" என்றார். அப்புறம், "ரெண்டு பேருமாச் சேந்து என்னைய நல்லா வச்சுச் செஞ்சிருக்கீக" என்றார். ஆடிக்குப் பிறகும் நீ அங்கேதான். தருணுக்கும் சொல்லிவிட்டாராம்.

கழற்றச் சொன்னது நான்தான். ஆனாலும் ஒன்றரைக்குக் கை தானாகப் போனைத் தேடுகிறது. ஜக் மட்டும் நிற்கிறது.

ஒன்று கேட்கிறேன். அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? என்னிடம் கேட்டால் பட்டினி கிடந்தாலும் "சாப்பிட்டேன்" என்பாள். நீ சொல்.

அனு


சிவகாசி
02.08.2025, சனிக்கிழமை

அனுவுக்கு,

ஆல்பம் முடிந்துவிட்டது. நாளைக் காலை பூசை. உனக்கான ஒன்று இந்தப் பார்சலில் இருக்கிறது. ஒன்பதாவது பக்கத்தைப் பார். மயிலின் நீலத்தை நான் மாற்றினேன். இப்போது சொல், எது சரியென்று.

நேற்று அண்ணாச்சி மாடிக்கு வந்து, கதவருகே நின்றபடியே, "வேன்ல போகணும்னு நெனச்சியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "சரி, வேலையப் பாரு" என்று இறங்கிவிட்டார். எங்கம்மாவிடம் சொன்னபோது அவள் கைகழுவுவதை நிறுத்தாமலேயே சிரித்தாள்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டு இரண்டு பார்சல் அனுப்பியிருக்கிறேன். வேண்டுமென்றேதான் மறைத்தேன். அம்மா சாப்பிடுகிறார்களா என்று நீ கேட்டிருக்கிறாய். அதைச் சொல்லாமல் உனக்குப் பதில் எழுத முடியவில்லை.

நாலாவது கேமராவைக் கழற்றிய பிறகு வந்த திங்கட்கிழமை அம்மா மேசைக்கு வந்து மேலே பார்த்தார்கள். "அந்தப் பச்சை லைட்டு எங்கட்டி?" என்றார்கள். கழற்றியாயிற்று என்றேன். கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "அனு அதுல பாக்கான்னு தருண் அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டான். அவ அங்கன இருந்து பாக்கும்போது நான் தனியா நின்னு தின்னா அவளுக்கு ஏக்கமா இருக்குமேன்னுதான் ஒன்னைய மேசைக்குக் கூப்புட்டேன். தெனம் நல்ல சேலையா உடுத்துனேன். அம்மா நல்லாத்தான் இருக்கான்னு அவ நெனைக்கணும்ல."

நீ எண்ணிய சோறும் தோளைத் தொட்டதும் எனக்கு வந்தவை இல்லை, அனு. உனக்கு அனுப்பப்பட்டவை. நான் தட்டோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் முதல் நான் படிக்கட்டுக்குப் போய்விட்டேன். அம்மா கூப்பிடவில்லை. செவ்வாய், புதன், வியாழன். எங்கம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைத் தின்றுகொண்டு, இதைத்தானே எங்கம்மா "எதுக்கு?" என்று கேட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். இதை உனக்கு எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். அந்தச் சந்தோஷத்தைத் தர எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இரண்டு பார்சல்.

வெள்ளிக்கிழமை படியில் செருப்பில்லாத கால் சத்தம் கேட்டது. அம்மா. கையில் தட்டு. பழைய சேலை, தோளில் மஞ்சள் கறை. எனக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தார்கள். "மேசையில தனியா தின்னா எறங்க மாட்டேங்குது" என்றார்கள். என் டப்பாவை எட்டிப் பார்த்து, "அந்தப் புளிச்சோத்துல கொஞ்சம் வையேன், எப்படி இருக்குன்னு பாப்போம்" என்று தட்டை நீட்டினார்கள். வைத்தேன். அன்றிலிருந்து தினமும் வருகிறார்கள். ஆகவே உன் கேள்விக்குப் பதில்: சாப்பிடுகிறார்கள். உறைப்பு கூடுதலாக இருந்தால் என் தண்ணீரையே எடுத்துக் குடிக்கிறார்கள்.

நாலாவது கேமராவை இன்று மறுபடி மாட்டிவிட்டேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். எழுதாது, காட்ட மட்டும் செய்யும். பெட்டி சுணங்காது. உன் கணக்கையும் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரமாட்டேன். அன்று அம்மா மேசையில் உனக்கு நேராக உட்காருவார்கள், நல்ல சேலையில்.

மற்ற நாட்களில் ஒன்றரை மணிக்கு மேசை காலியாக இருக்கும். பயந்துவிடாதே. அம்மாவை எங்கே என்று தேடாதே.

படிக்கட்டில் கேமரா இல்லை.

சினேகா